மலைத் தோட்டத்துக் காபித்தூள்: என்ன கோளாறு, எங்கே சரிசெய்வது

தை மாதக் கடைசியில் தாண்டிக்குடி போய்விட்டுத் திரும்பும்போது சாலையோரக் கடை ஒன்றில் அரைக் கிலோ காபித்தூள் வாங்கினேன். பழுப்புக் காகிதப் பை, அதில் ஒரு மலை, ஒரு காபிக் கிளை, ‘முழுக்க அரபிகா, சிக்கரி இல்லை’ என்று ஒரு முத்திரை. அரபிகா என்பது ஒரு காபி வகை. பையிலிருந்த பிராண்டோ அதுவரை கேள்விப்படாத பெயர். மறுநாள் காலை வழக்கம்போல மூன்று கரண்டி போட்டு, வழக்கம்போல வெந்நீர் ஊற்றி, வழக்கம்போலப் பால் கலந்து அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை டபராவுக்குள் வைத்துவிட்டாள். “என்னடா இது, பால்ல பழுப்புத் தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு. ஏமாத்திட்டானா?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பத்துப் பதினைந்து நாள் விதவிதமாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, தூளின் மேல் குற்றம் அதிகமில்லை. எங்கள் வீட்டு ஃபில்டர், கரண்டிக் கணக்கு, பால் கணக்கு எல்லாமே இருபது வருஷமாகச் சிக்கரி கலந்த தூளுக்குப் பழகியவை. தூளை மட்டும் மாற்றிவிட்டுப் பழக்கத்தை அப்படியே வைத்திருந்தேன்.

இப்போது ஏற்காடு, கொடைக்கானல் அடிவாரம், கோத்தகிரி, வால்பாறை என்று எங்கே போனாலும் இப்படி ஒரு பை கையில் வந்து சேர்கிறது. காபி அங்கே புதிதில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தது 1820களில். பெயர் போட்ட பைதான் புதிது. 1990களின் நடுப்பகுதிவரை தோட்டக்காரர்கள் விளைந்ததைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதனால் எந்த மலைக் கொட்டை எந்தக் கடைத் தூளில் கலந்தது என்று குடித்தவருக்குத் தெரியாது. இப்போது ஒரே தோட்டத்துக் கொட்டை, கலப்பில்லாமல் நம் அடுப்படிக்கு வருகிறது. அதோடு சில தொந்தரவுகளும் வருகின்றன. எது வந்தால் என்ன செய்வது என்று என் அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் இரண்டு வேலை

பழைய தூள் பாக்கெட்டைக் குப்பையில் போடாமல் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும், இரண்டும் எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். உங்கள் வீட்டுத் தூள் 80:20-ஆ, 60:40-ஆ, இல்லை 53:47-ஆ என்று பாருங்கள். சிக்கரி எவ்வளவு அதிகமோ, புதுத் தூளில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூளின் அளவு, தண்ணீரின் சூடு, பால் மூன்றையும் ஒரே காலையில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பால் கலக்கும் முன் ஒரு டீஸ்பூன் டிகாஷனைத் தனியாக நாக்கில் விட்டுப் பாருங்கள். கீழே சொல்லும் பாதிக் கோளாறுகளை அந்த ஒரு ஸ்பூன் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்ட அளவு: 25 கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர். சக்கை தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்பதால் கீழே இறங்குவது சுமார் 100 மில்லி. சின்ன டம்ளரில் மூன்று காபி வரும்.

“டிகாஷன் மளமளன்னு இறங்கிடுச்சு, தண்ணியா இருக்கு”

பத்தில் ஆறு பேருடைய முதல் புகார் இதுவாகத்தான் இருக்கும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்தில் ஜாம்நகர் பக்கம் நிறைய விளைகிறது. வறுத்துப் பொடித்த அந்த வேரில் பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்துவிடும். காபிக்கொட்டையில் எவ்வளவு கசக்கினாலும் கரைவது 30 சதவீதத்தை ஒட்டித்தான், அதிலும் ருசியாக எடுக்க வேண்டியது 20-ஐ ஒட்டி. போதாததற்குச் சிக்கரி தண்ணீரில் ஊறிக் கொழகொழத்து, ஃபில்டர் துளைகளின் மேல் பாய் விரித்தமாதிரி படுத்துக்கொள்ளும். தண்ணீர் மெதுவாக இறங்க அதுவும் ஒரு காரணம். சிக்கரி இல்லாத தூளில் இந்த இரண்டும் கிடையாது. தண்ணீர் நேராக ஓடிவிடுகிறது.

முதலில் தூளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். ரவை மாதிரி உருண்டால் அரைவை பருமன். மைதா மாதிரி விரல் ரேகையில் அப்பிக்கொண்டால் ரொம்ப நைஸ். பொடி உப்பு மாதிரி லேசாக நறநறத்தால் நம் ஃபில்டருக்குச் சரி. புதுப் பிராண்டுகள் பல, தூளை வெந்நீரில் ஊறவைத்து அழுத்தி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ் குடுவைக்கு ஏற்றமாதிரிப் பருமனாக அரைத்தே பையில் போட்டுவிடுகின்றன. ‘ஃபில்டருக்கு’ என்று சொல்லி வாங்காவிட்டால் அதுதான் கையில் கிடைக்கும். என் பையும் அதுதான்.

பருமன் தூள் வந்துவிட்டதா, பரவாயில்லை. ஈரம் சுத்தமாக இல்லாத சின்ன மிக்ஸி ஜாரில் போட்டு, மூன்று வினாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி மூன்று வினாடி. ஐந்தாறு தடவை போதும். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி, மணம் மூடியைத் திறந்ததுமே பறந்துவிடும். ரசப்பொடி அரைத்த ஜார் வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அரைவை சரியாக இருந்தும் தண்ணியாக வந்தால் தூளைக் கூட்டுங்கள். சிக்கரித் தூளில் மூன்று கரண்டி போட்ட இடத்தில் நான்கு, நான்கரை. குடையை (தூளின் மேல் வைத்து அழுத்தும் துளைத் தட்டு) வைத்து, விரல் நுனியால் ஒரு அழுத்து அழுத்தி, அதன் மேலேயே வெந்நீரை ஊற்றுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரே மூச்சில் கவிழ்க்காமல் முதலில் தூள் நனையும் அளவு, அரை நிமிஷம் பொறுத்து மீதி. பதினைந்து இருபது நிமிஷத்தில் இறங்கி முடிந்தால் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய தூளில் ராத்திரி போட்டுவைத்துக் காலையில் எடுக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடலாம், இதற்கு அது தேவைப்படாது.

ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு செய்தும் சிக்கரி டிகாஷனின் அந்தக் கெட்டி, பாகு மாதிரி நாக்கில் ஒட்டும் தன்மை, வராது. அது காபி தருவதில்லை, வேர் தருவது. பாலைக் குறைப்பதுதான் வழி. ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால் ஊற்றிய கை, இங்கே ஒன்றரைப் பங்கில் நிற்க வேண்டும்.

“சொட்டவே மாட்டேங்குது”

நேர் எதிர்க் கோளாறு. தூள் நைஸாக இருக்கலாம், குடையை வெறியோடு அழுத்தியிருக்கலாம், துளைகள் அடைத்திருக்கலாம். ஃபில்டரின் மேல் அடுக்கைக் காலி செய்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். எங்கள் வீட்டு ஃபில்டரில் பாதி வானம்தான் தெரிந்தது. எவர்சில்வர் என்றால் மேல் அடுக்கின் அடிப்பாகத்தை அடுப்புத் தீயில் ஒரு நிமிஷம் காட்டினால் அடைத்த தூள் கருகி உதிர்ந்துவிடும், ஆறிய பிறகு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். பித்தளை ஃபில்டருக்குப் புளி.

இன்னொரு காரணம் நிறையப் பேர் கவனிக்காதது. இரண்டு அடுக்கும் இறுக்கமாகப் பொருந்தினால் கீழ் அடுக்கில் உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் மேலே இருக்கும் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும். மேல் அடுக்கைச் சற்றே தூக்கி, ‘உஸ்’ என்றதும் விட்டுவிடுங்கள். உடனே சொட்டத் தொடங்கும்.

தூள் மிகப் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். வறுத்து இரண்டு நாள்கூட ஆகாத தூளில் வெந்நீர் பட்டால் வாயு நுரைத்து எழும்பி, தூள் குடையையே தூக்கிவிடும். தோட்டத்திலேயே வறுத்துக் கொடுத்த தூளில் இதைப் பார்த்துப் பயந்து, கலப்படம் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் நல்ல அறிகுறி. பையை மூன்று நான்கு நாள் சும்மா வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

“புளிக்குது”

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு விதப் புளிப்பு இருக்கிறது. ஒன்று கமலா ஆரஞ்சு, நெல்லிக்காய் மாதிரி வாயில் நீர் ஊறவைக்கும் புளிப்பு. பழனி மலை, சேர்வராயன் மலை போன்ற உயரத்தில் நிழலில் மெதுவாகப் பழுத்த அரபிகாவுக்கு அது இயல்பு. கருக வறுக்காமல் நடுத்தரமாக வறுத்தால் அது தங்கும். இன்னொன்று காடி வாசம் அடிக்கும், தொண்டையைப் பிடிக்கும் புளிப்பு. பறித்த பழத்தைத் தோல் நீக்கி, வழவழப்பு போக ஊறவைக்கும்போது நேரம் தவறினால் வருவது அது. ஸ்பூன் டிகாஷனை ஆறவிட்டு மோந்து பாருங்கள். அழுகின பழம் மாதிரி வாடை இருந்தால் நீங்கள் அடுப்படியில் செய்ய ஒன்றும் இல்லை. வாங்கின இடத்தில் சொல்லுங்கள். சின்னத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் தட்டாமல் மாற்றித் தருவார்கள்.

முதல் வகைப் புளிப்பு, ஆனால் அளவு மீறியிருக்கிறது என்றால் தூளிலிருந்து சாரம் முழுதாக இறங்கவில்லை. காபியில் புளிப்பு முதலில் கரையும், இனிப்பு அடுத்து, கசப்பு கடைசியில். பாதியிலேயே நின்றுவிட்டால் புளிப்பு மட்டும்தான் டம்ளருக்கு வரும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றுங்கள். அதற்கு முன் காலி ஃபில்டரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சூடுபடுத்திக் கொட்டிவிட்டால் இன்னும் நல்லது. மார்கழிக் காலையில் சில்லிட்டுக் கிடக்கும் எவர்சில்வர் பாத்திரம் தண்ணீரின் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இந்த ஒரு மாற்றமே புளிப்பில் பாதியைக் குறைத்தது. பிறகு அரைவையை ஒரு படி நைஸாக்குங்கள்.

அப்படியும் போகவில்லை என்றால் வறுவலே இளசு. பால் இல்லாமல் குடிக்கிறவர்களுக்காக வறுத்த தூள் அது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கால் பங்கு ரோபஸ்டாவோ (கசப்பும் கெட்டியும் கூடுதலான இன்னொரு காபி வகை), நன்றாக வறுத்த பீபரியோ கலந்தால் பால் காபிக்கு இறங்கிவரும். பீபரி தனிச் செடி இல்லை. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டு விளைந்தது, அவ்வளவுதான்.

“பால் திரியுது”

இது நடந்த அன்று எங்கள் வீட்டில் பெரிய கலவரம். பால்காரரைத் திட்டினோம், பாத்திரத்தைத் திட்டினோம். உண்மையில் பாதிப் பழி பாலுக்கு, பாதி காபிக்கு. இளவறுவல் டிகாஷனில் அமிலம் கூடுதல். பால் புதிதாக இருந்தால் அதைத் தாங்கும். காலையில் காய்ச்சி வெளியிலேயே வைத்த பால் சாயங்காலத்துக்குள் தானே கொஞ்சம் புளிப்பை நோக்கிப் போயிருக்கும். தனியாகக் கொதிக்க வைத்தால் திரியாது, டிகாஷன் சேர்ந்ததும் எல்லை தாண்டிவிடும். அதனால்தான் காலைக் காபி நன்றாக வந்து மாலைக் காபி மட்டும் திரிகிறது.

கலந்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள். சூடான பாலில் ஜில்லென்ற டிகாஷனை மொத்தமாகக் கொட்டுவதும் வேண்டாம். டம்ளரில் டிகாஷனை முதலில் விட்டு, காய்ச்சிய பாலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே ஆற்றுங்கள். மாலைக்குத் தனியாகப் புதுப்பால் காய்ச்சுவது முழுத் தீர்வு. கருப்பட்டி, வெல்லம் போட்டுக் குடிக்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அவையும் பாலைத் திரிக்கும். அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

“கசப்பு தாங்கல”

கசப்பிலும் இரண்டு. கரி மாதிரி, அடிபிடித்த சோறு மாதிரி இருந்தால் வறுவல் முற்றிவிட்டது. கொட்டையாக வாங்கியிருந்தால் மேலே எண்ணெய் பளபளக்கும். இதற்கும் அடுப்படியில் மருந்து குறைவு. கொதி அடங்கி ஒரு நிமிஷம் கழித்த தண்ணீரில் போட்டால் கொஞ்சம் தணியும். சுவை கெட்ட கொட்டையை மறைக்கக் கருக வறுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

மருந்து மாதிரி, நாக்கின் அடியில் தங்கும் கசப்பு என்றால் ரோபஸ்டா கலந்திருக்கலாம். கூடலூர் பக்கத்துத் தூளில் அது சகஜம், ஏமாற்று இல்லை. ரோபஸ்டாவில் நல்ல நுரையும் கெட்டியும் வரும், பாலுக்குச் சேரும். பாலைக் கொஞ்சம் கூட்டினால் போதும். காஃபின் மட்டும் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதுத் தூளுக்கு மாறியதிலிருந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறீர்கள் என்றால் பையில் ரோபஸ்டா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் குற்றம் நம் கையில். டிகாஷனை நேராக அடுப்பில் வைத்துச் சுட வைக்கிறோமா? வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டிகாஷன் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள். இரண்டாம் டிகாஷனை முதலாவதோடு கலக்கிறோமா? சிக்கரித் தூளில் இரண்டாவதுக்கும் நிறம் வரும் என்பதால் அந்தச் சிக்கனம் ஓடியது. இந்தத் தூளில் இரண்டாவது தண்ணீர் கொண்டுவருவது கசப்பை மட்டும்தான். சக்கையை ரோஜாத் தொட்டியில் போடுங்கள்.

“காபி நிறமே வரல”

நம் ஊரில் காபியை முதலில் கண்தான் குடிக்கிறது. செம்மண் நிறத்தில் இல்லாவிட்டால் ருசி பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவோம். கறுப்பைக் கொடுத்துவந்தது பெரும்பாலும் சிக்கரி. நடுத்தர வறுவல் அரபிகா டிகாஷன் தேன் நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தி, வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பாகத் தெரியும். அது குறையல்ல. கண்ணுக்கும் வேண்டும் என்றால் பத்துச் சதவீதம் சிக்கரி தனியாக வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாறாக, ‘சிக்கரி இல்லை’ என்று போட்ட பையில் டிகாஷன் மை மாதிரி வருகிறது, பருமன் அரைவையிலும் கெட்டியாக இருக்கிறது என்றால் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மேலே அரை டீஸ்பூன் தூளைத் தூவி, கலக்காமல் பாருங்கள். காபித்தூள் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி சில வினாடிகளிலேயே மூழ்கத் தொடங்கி, போகிற வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போகும். என் பையை அம்மா முன்னால் இப்படிச் சோதித்தேன். கோடு விழவில்லை. “சரி, ஏமாத்தல. ஆனா நல்லாவும் இல்ல” என்றாள். அது நான் பாலைக் குறைப்பதற்கு முந்தைய நாள்.

“மணமே இல்ல”

பையில் எழுதியிருப்பது அடைத்த தேதியா, வறுத்த தேதியா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொட்டையாக இருந்தால் வறுத்து ஒரு மாதம்வரை மணம் நிற்கும். அரைத்துவிட்டால் நாள் கணக்குதான். மலையில் கடைக்காரர் பையைத் திறந்து மோக்கக் கொடுத்தபோது அடித்த வாசம் வீட்டில் மூன்றாம் வாரம் எங்கே போனது என்றால், மோந்தபோது போனதும் அதுதான், தினமும் டப்பா மூடியைத் திறக்கும்போது போவதும் அதுதான். மலைக்குப் போய்விட்ட உற்சாகத்தில் ஒரு கிலோ அரைத்து வாங்காதீர்கள். நான் செய்த முதல் தப்பு அரைக் கிலோ.

கொட்டையாக வாங்கி, ஊரில் காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடையில் கொடுத்து வாரத்துக்கு நூறு கிராம் அரைத்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் அந்த இயந்திரத்தின் வயிற்றில் முந்தைய ஆளின் சிக்கரியும் கருவறுவலும் கொஞ்சம் தங்கியிருக்கும். முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மறக்காமல் சொல்ல வேண்டும், அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

வீட்டில் வைப்பது காற்றுப் புகாத, ஈரமில்லாத டப்பாவில். அடுப்புக்கு மேல் அலமாரியில் வேண்டாம். ஃபிரிட்ஜில் திறந்தும் மூடியும் எடுப்பது அதைவிட மோசம், ஈரத்தோடு நேற்றைய சாம்பார் வாசத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். மாசக்கணக்கில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சின்னச் சின்னப் பொட்டலமாக இறுக்கிக் கட்டி ஃபிரீசரில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும்.

“வேற ஏதோ வாசனை வருது”

காபிக்கொட்டை பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். பழனி மலைக் காபித் தோட்டத்தில் காபி மட்டும் நிற்பதில்லை. நிழல் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், நடுவே மலைவாழை, ஆரஞ்சு. மேலே ஏறினால் பூண்டு. ஒரே கிடங்கில் எல்லாம் தங்கும்போது தூளில் லேசாக மிளகு வாசம் வந்தால் எனக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது. பூண்டு வாசம் வந்தால் பிடிக்காது.

மண் வாசமும் கனமான இனிப்பும் இருந்தால் அது ‘செர்ரி’யாக இருக்கலாம். பழத்தைத் தோலோடு களத்தில் காயவைத்து உடைத்தெடுப்பது செர்ரி. தோல் நீக்கி, கழுவி, காயவைத்தது அரபிகாவில் ‘பிளாண்டேஷன்’, ரோபஸ்டாவில் ‘பார்ச்மெண்ட்’. செர்ரி தரம் குறைவு என்று பொதுவாக விலை குறைவாக இருக்கும், ஆனால் ஒழுங்காகக் காயவைத்த செர்ரி பாலுக்கு அருமையாகச் சேரும். பூசணம் பிடித்த சாக்கு வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காயும்போது மழையில் நனைந்த கொட்டை அது. காசு போகட்டும்.

“அடியில் மண்டி”

டம்ளர் அடியில் கொஞ்சம் இருக்கும், பயப்பட வேண்டாம். நிறைய இருந்தால் மிக்ஸியில் அதிகம் ஓட்டிவிட்டீர்கள். இறங்கிய டிகாஷனை ஐந்து நிமிஷம் அசையாமல் வைத்து மேலாக ஊற்றுங்கள்.

“அடுத்த பை வேற மாதிரி இருக்கே”

இருக்கும். பெரிய கம்பெனிகள் பல ஊர்க் கொட்டையைக் கலந்து வருஷம் முழுக்க ஒரே ருசியைப் பிடித்துவைக்கின்றன. ஒற்றைத் தோட்டத்தால் அது முடியாது. அரபிகா அறுவடை பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரிவரை. அந்த அறுவடைக் கொட்டை மாசியில் ஒரு மாதிரி, அடுத்த ஐப்பசியில் வேறு மாதிரி. வறுப்பவர் மாறினால் வேறு மாதிரி. ஒவ்வொரு புதுப் பைக்கும் முதல் நாள் ஒரு ஸ்பூன் டிகாஷன் சோதனையை மறுபடி செய்ய வேண்டியதுதான். தொலைபேசி எண் போட்டிருந்தால் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது வறுத்தது, பிளாண்டேஷனா செர்ரியா, ஃபில்டருக்கு அரைத்ததா. இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் தொடர்ந்து வாங்கலாம். நான் பேசிய ஒருவர், “அண்ணே, பால் ஊத்திக் குடிப்பீங்களா, சும்மாவா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவரிடம்தான் இப்போது வாங்குகிறேன்.

“எனக்குப் பிடிச்சிருக்கு, வீட்டில் யாருக்கும் பிடிக்கல”

இதற்கு அரைவையும் தண்ணீரும் உதவாது. பழைய தூளில் முக்கால் பங்கு, புதியதில் கால் பங்கு என்று கலந்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன். அடுத்த வாரம் பாதிப் பாதி. மூன்றாவது வாரம் முக்கால் பங்கு புதியது ஆனதும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். “நிறம் குறைஞ்சிருக்கு, என்ன பண்ணின?” சரி என்று பாதிப் பாதிக்கே திரும்பிவிட்டேன். அதில் சிக்கரியும் பாதியாகக் குறைந்துவிட்டது, அவளுக்கு வேண்டிய நிறமும் இருக்கிறது. எனக்கென்று ஒரு ஆளுக்கான சின்ன ஃபில்டர் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். சில நாள் அவசரத்தில் டம்ளர் மாறிவிடும், அன்று மட்டும் அவள் ஒன்றும் சொல்லாமல் முழுதாகக் குடித்துவிடுகிறாள்.